வெள்ளைக் கோவிலுக்கு ஒரு காலை: திருகோணமலையிலிருந்து சியாங் ராய் போகிறவர்களுக்கு

தாய்லாந்தின் வடகோடியில் சியாங் ராய் என்றொரு பட்டினம் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 13 கிலோமீற்றர் தள்ளி, பெருந்தெருவுக்குப் பக்கத்தில், அடி முதல் முடி வரை வெள்ளையாக ஒரு கோவில் நிற்கிறது. வாட் ரோங் குன் என்பது அதன் பெயர். வெளிநாட்டவர் வெள்ளைக் கோவில் என்பார்கள். பழைய காலத்துக் கோவில் அல்ல. 1997இல் தொடங்கி இன்னமும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கட்டுகிறவர் ஓர் ஓவியர்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்வந்தேன். வந்த நாள் தொடக்கம் சொந்தக்காரரும் அயலவரும் எப்படிப் போவது, என்ன உடுப்பது, எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தக் கோவிலுக்கு வரும் பெரும்பாலான பயணிகள் அரை மணி நேரத்தில் படம் எடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். நமக்கு அப்படிப் போகத் தேவையில்லை. வாசலில் நிற்கும் ராகுவை நமக்கு நவக்கிரகத்தில் தெரியும். யமனையும் நாகத்தையும் கின்னரரையும் யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. கோபுரத்துச் சுதைகளை அண்ணாந்து பார்த்து "இது ஆர், அது ஆர்" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கோவிலை வாசிக்கத் தெரியும். மெதுவாக நடந்தால் போதும்.

புறப்படும் முன் பக்கத்து ஊரில் ஒரு பகல்

எங்கள் ஊரில் விகாரை, புத்தர் சிலை என்ற சொற்களோடு சேர்ந்து வரும் கசப்பு எனக்கும் தெரியும். அதை மறைத்துக்கொண்டு இதை எழுத முடியாது. அந்தப் பாரத்தோடுதான் நானும் போனேன். போகும் முன் ஒரு நாள், கன்னியாவுக்கு அப்பால் பெரியகுளம் பக்கத்தில் இருக்கும் வெல்கம் விகாரையைப் பார்த்தது உதவியாக இருந்தது. நாதனார் கோவில் என்று நம்மவர்கள் சொல்லும் இடம் அது. சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், தமிழர்கள் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுக்களும் கொடுத்ததைச் சொல்கின்றன. புத்தருக்கு விளக்கேற்றிய தமிழர் நம் மண்ணிலேயே இருந்திருக்கிறார்கள் என்ற நினைவோடு விமானம் ஏறினால், போகிற இடம் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

தாள்களும் பணமும்

2024 யூலை நடுப்பகுதியில் தாய்லாந்து அரசு இலங்கையையும் சேர்த்து 93 நாட்டவருக்குச் சுற்றுலா விசா இல்லாமல் 60 நாள் தங்க இடம் கொடுத்தது. இப்படிப்பட்ட விதிகள் அடிக்கடி மாறும். விமான ரிக்கெற் எடுக்கும் முன் கொழும்பில் உள்ள தாய்லாந்துத் தூதரகத்தின் அறிவித்தலை ஒருதரம் பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2025 மே 1 முதல் இன்னொன்றும் வந்திருக்கிறது: அங்கே இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு இல்லை. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அரசின் தளம் அல்ல, வெளியே வந்துவிடுங்கள்.

நம் ரூபாயை சியாங் ராயில் மாற்றலாம் என்று நம்பிப் போகாதீர்கள். டொலராகக் கொண்டுபோய் அங்கே பாத் ஆக்குவதே சுலபம். கோவில் வாசலிலும் உள்ளூர் பஸ்ஸிலும் சில்லறைத் தாள்கள் தேவைப்படும்.

எப்போது போவது

நவம்பர் முதல் பெப்ரவரி நடுப்பகுதி வரை. எங்கள் பக்கம் வாடைக்காற்றும் மழையுமாக, நிலாவெளியும் உப்புவெளியும் ஓய்ந்து கிடக்கும் காலம் அது. ஹோட்டல், படகுத் தொழிலில் இருப்பவர்களுக்கு லீவு எடுக்கவும் வசதி. அங்கே அப்போது வானம் தெளிவாக இருக்கும். காலையில் குளிர் அடிக்கும், நுவரெலியா போகும்போது எடுக்கும் சுவெற்றரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி, சித்திரையில் போகவே வேண்டாம். வட தாய்லாந்தில் வயல்களையும் காடுகளையும் எரிக்கும் காலம் அது. புகை மூட்டத்தில் எதிரே இருக்கும் மலையே தெரியாது, மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட. ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்கும் புதுவருடம், சொங்ரான். தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். நமது வருடப் பிறப்பும் அதே நாட்களில்தான் வருகிறது. வீட்டில் இருங்கள்.

வழி

திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் கொழும்பு கோட்டை, அங்கிருந்து கட்டுநாயக்கா. வயதானவர்கள் கூட வந்தால் ஊரிலிருந்தே வான் பிடித்துக்கொண்டு நேரே விமான நிலையம் போவது நல்லது. கொழும்பிலிருந்து பாங்கொக் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளுங்கள்.

இங்கேதான் நாங்கள் ஒரு பிழை விட்டோம். பாங்கொக்கில் இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன, சுவர்ணபூமி, டொன் முவாங். நாங்கள் இறங்கியது ஒன்றில், சியாங் ராய்க்கு ஏற வேண்டியது மற்றதில். ரிக்கெற்றை மலிவு பார்த்து எடுத்தபோது அந்தச் சிறிய எழுத்தை நான் கவனிக்கவில்லை. நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நெரிசலில் போய்ச் சேருவதற்குள் அம்மா களைத்துப்போனா. இரண்டு பயணமும் ஒரே நிலையத்தில் அமைகிற மாதிரி எடுங்கள். முடியாவிட்டால் நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது விடுங்கள். பாங்கொக்கிலிருந்து சியாங் ராய்க்கு விமானம் ஒன்றேகால் மணி நேரம் போலத்தான். இரவு பஸ்ஸில் போனால் 12 மணி நேரம் வரை எடுக்கும். சியாங் மாய் வழியாகப் போகிறவர்கள் அங்கிருந்து மூன்று, மூன்றரை மணி நேரத்தில் பஸ்ஸில் வரலாம். அந்தப் பஸ் கோவிலைக் கடந்துதான் பட்டினத்துக்குள் போகும்.

தங்குவதற்குப் பட்டினத்து நடுவில் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி இடம் தேடுங்கள். பழைய பஸ் நிலையமும் இரவுச் சந்தையும் நடக்கும் தூரம். பொன்னிறமான அந்தக் கோபுரத்தையும் வெள்ளைக் கோவில் ஓவியர்தான் வடிவமைத்தார், 2008இல். இரவு 7, 8, 9 மணிக்கு விளக்கு நிறம் மாறி இசை ஒலிக்கும்.

காலை எட்டு மணி

கோவில் எட்டு மணியளவில் திறக்கிறது. சியாங் மாயிலிருந்து வரும் சுற்றுலாப் பஸ்கள் பத்து மணிக்குப் பிறகுதான் வந்து சேரும். அந்த இரண்டு மணி நேரம்தான் உங்களுடையது. பழைய பஸ் நிலையத்திலிருந்து உள்ளூர் பஸ் போகிறது, சில பத்து பாத்தான். முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க மனமில்லாவிட்டால் கிராப் செயலியில் கார் பிடிக்கலாம்.

உடுப்பில் நமக்குக் கஷ்டமில்லை. தோளும் முழங்காலும் மறைந்தால் சரி. சாறி, சுடிதார், வேட்டி, நீளக் காற்சட்டை எல்லாம் பொருந்தும். செருப்பாகப் போடுங்கள், உள்மண்டபத்துக்கு முன் கழற்ற வேண்டியிருக்கும், சப்பாத்தென்றால் கயிறு அவிழ்த்துக் கட்டி நேரம் போய்விடும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வெள்ளைச் சுதையில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கிறார்கள், வெயில் ஏற ஏறக் கண் கூசும்.

வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. 2016 வரை எவருக்கும் கட்டணம் இருக்கவில்லை. அந்த வருடம் 50 பாத் ஆக்கினார்கள், பிறகு அது கூடியிருக்கிறது. ஆளுக்குச் சில நூறு பாத் கையில் இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை.

நடக்கும் வழி

உள்ளே போனதும் பாலத்துக்கு ஓடாதீர்கள். குளத்துக்கு இக்கரையில் நின்று கட்டடத்தை முழுதாகப் பாருங்கள். வெள்ளை புத்தரின் தூய்மையைக் குறிக்கிறது, கண்ணாடித் துண்டுகளின் மினுக்கம் அவருடைய ஞானத்தை. அடுக்கடுக்கான கூரையின் மேலே பாருங்கள். யானை நிலத்துக்கு, நாகம் நீருக்கு, அன்னத்தின் சிறகு காற்றுக்கு, சிங்கத்தின் பிடரி நெருப்புக்கு. பஞ்சபூதத் தலங்களைச் சொல்லி வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஆகாயம் எங்க?" என்று கேட்டா. பிறகு அவவே கூரைக்கு மேலே இருந்த வெளியைக் கையால் காட்டினா.

அடுத்தது பாலம். பாலத்தில் ஒருதரம் ஏறினால் திரும்பி வர விடமாட்டார்கள். பிறவிச் சுழலைக் கடப்பதைக் குறிக்கும் பாலம் அது, பின்னால் போவதற்கு வழி இல்லை. நடுவில் நின்று படம் எடுப்பவர்களைக் காவலர்கள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு நகர்த்துவார்கள். எனவே பார்க்க வேண்டியதை ஏறும் முன்னமே பார்த்துவிடுங்கள்.

பாலத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு அரைவட்டம் மனித உலகம். அதை அடுத்து, பற்களோடு விரிந்திருக்கும் பெரிய வட்டம் ராகுவின் வாய், மனத்தின் அழுக்கு, துன்பம். இரண்டு பக்கமும் குழியிலிருந்து நூற்றுக்கணக்கான கைகள் மேலே நீளுகின்றன. அடங்காத ஆசையின் கைகள். வெள்ளைக் கைகளுக்கு நடுவே ஒரே ஒரு விரல் நகத்தில் சிவப்புப் பூச்சு இருக்கும், தேடிப் பாருங்கள். பல படங்களில் அந்தக் கைகள் வெறும் அலங்காரம் போலத் தெரியும். நேரில் அப்படி இல்லை. ஒவ்வொரு கையும் வேறு விதமாகக் கேட்கிறது. கடலோரத்தில் வாழ்கிற எனக்கு, கீழிருந்து எழும் கைகளைப் பார்த்தபோது 2004 மார்கழிச் சுனாமிதான் நினைவுக்கு வந்தது. அது ஓவியர் நினைத்த பொருள் அல்ல. ஆனாலும் அந்த இடத்தில் என்னால் விரைவாக நடக்க முடியவில்லை.

பாலத்தைக் கடந்ததும் சொர்க்க வாசல். மரணமும் ராகுவும் இரு பக்கமும் காவல் நிற்கிறார்கள், இறந்தவரின் கதியைத் தீர்மானிப்பவர்கள். நம் கோவில் துவாரபாலகரை வணங்கி உள்ளே போவது போல மனத்துக்குள் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அப்பால் போங்கள்.

உள்ளே

செருப்பைக் கழற்றி, தொப்பியை எடுத்து, போனைப் பைக்குள் வையுங்கள். உள்மண்டபத்தில் படம் எடுக்கக் கூடாது. இந்த மண்டபத்துக்கு உபோசத் என்று பெயர். நாம் மாதாமாதம் பௌர்ணமிக்கு லீவு எடுக்கும் போயாவும் அதே சொல்லின் வழி வந்ததுதான்.

வெளியே வெள்ளையையே பார்த்த கண்ணுக்கு உள்ளே பொன்னிறமும் தீயின் நிறமும். முதலில் புத்தரைப் பார்த்து உட்காருங்கள். காலை மடித்து வையுங்கள், பாதம் சிலைப்பக்கம் நீளக் கூடாது. எங்கள் வீட்டிலும் சாமிப்படத்துக்கு நேரே கால் நீட்டினால் அடி விழும், அதே பழக்கம்தான். ஓரிரு நிமிடம் அப்படியே இருங்கள். அப்புறம் எழுந்து, நீங்கள் உள்ளே வந்த வாசல் சுவரைத் திரும்பிப் பாருங்கள்.

அந்தச் சுவர் முழுக்க ஓர் அசுர முகம். அதைச் சுற்றி நம் காலத்து உலகம்: எரியும் இரட்டைக் கோபுரம், எண்ணெய்க் குழாய், ஏவுகணை, மைக்கல் ஜாக்சன், சுப்பர்மேன், பூனைப் பொம்மை. அசுரனின் கண்களுக்குள் ஜோர்ஜ் புஷ்ஷும் பின்லாடனும் இருக்கிறார்கள். புத்தர் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருப்பது இந்தச் சுவரைத்தான். கோவிலுக்குள் இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். என் எண்ணம் வேறு. நம் பழைய கோவில் தூண்களிலும் அந்தந்தக் காலத்துக் குதிரை வீரனும் வேடனும் கூத்தாடியும் இருக்கிறார்கள். இந்த ஓவியர் தன் காலத்து மனிதர்களை வரைந்திருக்கிறார். போரைப் பார்த்த ஊர்க்காரருக்கு, புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படையில் ஏவுகணை இருப்பது விசித்திரமே அல்ல.

நேரம் குறைவாகத்தான் தருவார்கள், கூட்டம் பின்னால் நெருக்கும். எட்டு மணிக்கு வரச் சொன்னது இதற்காகத்தான்.

கட்டினவர்

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து இதைச் சொன்னால் கூட வந்தவர்களுக்குப் பிடிக்கும். சலெர்ம்சாய் கோசித்பிபத் 1955இல் இதே ரோங் குன் கிராமத்தில் பிறந்தவர். பாங்கொக்கில் சில்பகோர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தார், பெயரிலேயே சிற்பம் இருக்கிறது. 1980களில் லண்டன் விம்பிள்டனில் உள்ள தாய் விகாரையின் சுவர்களில் இன்னோர் ஓவியரோடு சேர்ந்து நான்கு ஆண்டுகள் வரைந்தார். ஊர்க் கோவில் பாழடைந்து கிடந்ததால் தன் சொந்தப் பணத்தில் எடுத்துக் கட்டத் தொடங்கினார்.

நன்கொடை வாங்குகிறார். ஆனால் ஒருவரிடம் 10,000 பாத்துக்கு மேல் வாங்குவதில்லை. பெரிய தொகை கொடுத்தவர் வந்து அதை இப்படி மாற்று, இதை அப்படி வை என்று சொல்லக் கூடாது என்பதற்காக. குழல் விளக்கில்கூட உபயகாரர் பெயர் எழுதும் ஊரிலிருந்து போன எனக்கு, அந்த ஒரு விதி நீண்ட நேரம் மனத்தில் நின்றது. கொடுப்பதில் பெருமை கொள்வது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கோவிலின் வடிவம் காசுக்கு வளையாமல் நிற்பது பெரிய விஷயம்.

2014 மே 5ஆம் திகதி அங்கே பலத்த நிலநடுக்கம் வந்து கூரையும் சுவரோவியங்களும் சேதமாயின. எல்லாவற்றையும் இடித்துவிடப் போவதாக முதலில் சொன்ன ஓவியர், பொறியியலாளர்கள் வந்து அடித்தளம் உறுதி என்றதும் மறுபடி வேலையைத் தொடங்கினார். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோவிலுக்கு, மூன்று நூற்றாண்டு கழித்து 1963இல் கும்பாபிஷேகம் நடத்திப் பார்த்தவர்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். அந்தக் கதை நமக்குப் புரியும். ஒன்பது கட்டடங்கள் என்பது திட்டம், முடிவதற்கு 2070 ஆகும் என்கிறார்கள். தான் இல்லாத காலத்திலும் வேலை நடக்கவென்று சீடர்களைப் பழக்கியிருக்கிறார்.

மீதி வளவு

பொன்னிறத்தில் பளபளக்கும் ஒரு கட்டடம் தெரியும். அரண்மனை போல இருக்கும் அது கழிப்பறை. வெள்ளை மனத்துக்கு, பொன் உடம்புக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார். தயங்காமல் போங்கள், மிகவும் சுத்தம். பிள்ளையாருக்கும் பொன்னிறத்தில் ஒரு மண்டபம் உண்டு. அம்மா அங்கே தலையில் குட்டிக்கொண்டதைப் பார்த்து ஒரு தாய்லாந்துக்காரப் பெண்மணி கைகூப்பிச் சிரித்தா.

மெல்லிய தகட்டு இலைகள் விற்பார்கள். பெயரை எழுதித் தொங்கவிடலாம். பேனாவும் அங்கேயே இருக்கும். எந்த மொழியில் எழுதினாலும் சரி.

சாப்பாட்டில் மட்டும் கவனம். மரக்கறி என்று கேட்டாலும் மீன் சாறு விட்டுவிடுவார்கள், அது அவர்களுக்கு உப்பு மாதிரி. "ஜே" என்று சொல்லுங்கள், முழுச் சைவம் என்று விளங்கிக்கொள்வார்கள். மஞ்சள் நிறப் பலகையில் சிவப்பில் அந்த எழுத்துள்ள கடைகளைத் தேடலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் நண்பர்களுக்கு: பட்டின நடுவில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகே பள்ளிவாசல் இருக்கிறது, ஹலால் கடைகளும் அந்தப் பக்கம்தான்.

பின்னேரமும் மறுநாளும்

பட்டினத்துக்குத் திரும்பி, வெயில் தணிந்ததும் ஆற்றுக்கு அப்பால் உள்ள வாட் ரோங் சுவா தென் போங்கள். நீலக் கோவில். சலெர்ம்சாயிடம் வேலை பழகிய புத்தா காப்கேவ் என்பவரின் கைவேலை, பிரதான மண்டபம் 2016இல் முடிந்தது. கடும் நீலச் சுவர்களுக்கு நடுவே வெள்ளைப் புத்தர். கட்டணம் இல்லை. அரை மணி நேரம் போதும்.

கறுப்பு வீடு என்று சொல்லும் பான் டாம் கோவில் அல்ல. தவான் டச்சானி என்ற இன்னொரு பெரிய ஓவியர் (1939–2014) கட்டிய நாற்பது வரையான கறுத்த மரவீடுகள். உள்ளே கொம்பு, தோல், எலும்பு. அம்மா வாசலோடு நின்றுவிட்டா. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசித்துப் போங்கள்.

மறுநாள் விமானம் பின்னேரம் என்றால், கறுப்பு வீட்டுக்குப் பதிலாகக் காலையில் வெள்ளைக் கோவிலுக்கே இன்னொருதரம் போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மறுபடி ரிக்கெற் எடுக்க வேண்டும். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். முதல் நாள் அசுரனையே பார்த்துக்கொண்டிருந்ததில் பக்கச் சுவர்களை விட்டுவிட்டேன். அவற்றில் மனிதர்கள் புத்தரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.